குடவாசல் வயலில் வடியாத தண்ணீர்: செயற்கைக்கோள் படத்தை எப்படிப் படிப்பது?

நெல் வயலில் தண்ணீர் நிற்கத்தான் வேண்டும். அதனால் குடவாசல் வட்டாரத்தை ஐப்பசியிலும் கார்த்திகையிலும் வானத்திலிருந்து எப்போது படம் எடுத்தாலும் தண்ணீர் தெரியும். குடமுருட்டியும் சோழசூடாமணியும் பாயும் அந்த வயல்கள் அப்போது ஏறக்குறைய முழுவதும் நனைந்தே கிடக்கும். அதில் பயிரை வளர்க்கிற தண்ணீர் எது, பயிரை அழுக வைக்கிற தண்ணீர் எது என்று பிரிக்கத் தெரியாவிட்டால் எவ்வளவு துல்லியமான படம் கையில் இருந்தும் விவசாயிக்குப் பயனில்லை. கால்வாய்ப் பாசனப் பகுதிகளில் நீர் தேங்கும் நிலத்தைச் செயற்கைக்கோள் கொண்டு கணக்கெடுக்கும் வேலை இந்தியாவில் பல ஆண்டுகளாக நடக்கிறது. அந்த அனுபவத்தில் குடவாசல் இருக்கும் காவிரி டெல்டாவுக்குப் பொருந்துவது கொஞ்சம்தான். எவ்வளவு பரப்பு மூழ்கியது என்ற கேள்வியோடு நின்றுவிடாமல், எந்த வயலில் எத்தனை நாள் தண்ணீர் நின்றது என்று கேட்கத் தொடங்கினால்தான் இந்தப் படங்கள் இங்கே பேசும் என்பது என் கருத்து.

தேங்கிய நிலம் என்று எதைச் சொல்வது என்பதிலேயே அரசுத் துறைகள் ஒத்துப்போனதில்லை. 1976இல் தேசிய வேளாண் ஆணையம் நாடு முழுவதும் சுமார் 60 லட்சம் ஹெக்டேர் என்றது. 1984-85இல் மத்திய வேளாண் அமைச்சகம் சுமார் 85 லட்சம் என்றது. 1991இல் மத்திய நீர்வள அமைச்சகத்தின் பணிக்குழு சொன்னதோ 24.6 லட்சம் ஹெக்டேர். ஆறேழு ஆண்டுகளில் அறுபது லட்சம் ஹெக்டேர் காய்ந்துவிடவில்லை. பணிக்குழு பாசனத் திட்டப் பகுதிகளை மட்டும் எடுத்துக்கொண்டது. நிலத்தடி நீர் தரையிலிருந்து 2 மீட்டருக்குள் வந்துவிட்டால் அது நீர்த்தேக்க நிலம், 2 முதல் 3 மீட்டருக்குள் இருந்தால் தேக்கத்துக்கு ஆளாகக்கூடிய நிலம் என்று அளவுகோலும் வைத்தது. ஆணையத்தின் அளவுகோல் 1.5 மீட்டர். எதை எண்ணுகிறோம் என்பதை முடிவு செய்யாமல் எண்ணினால் இப்படித்தான் ஆகும். செயற்கைக்கோள் வந்ததால் இந்தக் குழப்பம் தானாகத் தீர்ந்துவிடாது.

வடமாநிலங்களின் பிரச்சினை வேறு வகை. இந்திரா காந்தி கால்வாய் பாயும் ஹனுமான்கர் பகுதியிலும், பஞ்சாபின் முக்த்சர் மாவட்டத்திலும் கால்வாய்க் கசிவால் நிலத்தடி நீர் ஆண்டுக்கு ஆண்டு மேலேறி வேர்மட்டத்தைத் தொட்டது. வெயிலில் நீர் ஆவியாகி உப்பு மட்டும் மேலே தங்கியது. பாகிஸ்தானின் சிந்துப் பாசனப் பகுதியில் இதே சிக்கலுக்கு 1960களில் ஆயிரக்கணக்கில் ஆழ்குழாய்க் கிணறுகள் இறக்கி நீரை இறைத்தார்கள். இந்த வகைத் தேக்கத்தைப் படத்தில் கண்டுபிடிப்பது ஒப்பீட்டளவில் சுலபம். சுற்றிலும் வறண்ட நிலம். நடுவே நிரந்தரமான ஈரம், அல்லது கோடையில் வெள்ளை பூத்த உப்புப் படலம். வானமும் பெரும்பாலும் தெளிவாக இருக்கும். மத்திய நீர் ஆணையமும் இஸ்ரோவும் சேர்ந்து நாட்டின் பெரிய, நடுத்தரப் பாசனத் திட்டப் பகுதிகளில் எடுத்த கணக்கெடுப்பு இப்படிப்பட்ட நிலத்தை மனதில் வைத்து வளர்ந்த முறைதான். மழைக்கு முன் ஒரு படம், மழைக்குப் பின் ஒரு படம். இரண்டிலும் நீர் தெரிந்தால் நிரந்தரத் தேக்கம், பின்னதில் மட்டும் தெரிந்தால் பருவத் தேக்கம்.

இந்த முறையை அப்படியே குடவாசலில் கொண்டுவந்து வைத்தால் சம்பா வயல் அத்தனையும் பருவத் தேக்கப் பட்டியலில் ஏறிவிடும். 2 மீட்டர் அளவுகோலும் உதவாது. கார்த்திகை மாதத்துக் களிமண்ணில் நிலத்தடி நீருக்கும் வயல் நீருக்கும் நடுவே கோடு கிழிக்க முடியாது. இங்கே சிக்கல் நிலத்துக்கு அடியிலிருந்து ஏறுவதில்லை. மேலே விழுந்த மழை வெளியேற வழியில்லாமல் நிற்பதுதான் சிக்கல்.

ஏன் வழியில்லை என்பதற்கு டெல்டாவின் அமைப்பைப் பார்க்க வேண்டும். கல்லணையில் காவிரி, வெண்ணாறு, கல்லணைக் கால்வாய், கொள்ளிடம் என்று பிரியும் நீர், கிழக்கே வர வர விரல்விட்டு எண்ண முடியாத கிளைகளாகிறது. குடமுருட்டி, அரசலாறு, முடிகொண்டான், திருமலைராஜன், வெட்டாறு, ஓடம்போக்கி, பாண்டவையாறு என்று ஒவ்வொன்றும் ஆறும் ஆகிறது, வாய்க்காலும் ஆகிறது, வடிகாலும் ஆகிறது. மேட்டூர் அணை திறந்து ஆனியில் தண்ணீர் கொண்டுவரும் அதே ஆறு, கார்த்திகையில் வெள்ளத்தையும் சுமந்து போக வேண்டும். மேலூர்க்காரரின் வடிகால், கீழூர்க்காரருக்குப் பாசன வாய்க்கால். குடவாசலிலிருந்து கடற்கரை நேர்க்கோட்டில் 40 கிலோமீட்டர்தான். நிலத்தின் சரிவோ கண்ணுக்குத் தெரியாத அளவு. கீழே கடைமடையில் முகத்துவாரம் மணல்மேடிட்டிருந்தாலோ, புயல் நேரத்தில் கடல் ஏறியிருந்தாலோ, தண்ணீர் வந்த வழியே திரும்பி நிற்கும். நடுவே உயர்த்திப் போட்ட சாலை, குறுகிய பாலம், வடிகாலை நிறைத்த வெங்காயத் தாமரையும் நெய்வேலிக் காட்டாமணக்கும் வேறு. 2008 நவம்பரில் நிஷா புயலின்போது ஒரத்தநாட்டில் ஒரே நாளில் 65 சென்டிமீட்டருக்கு மேல் மழை கொட்டியது. அவ்வளவு பெய்தால் எந்த வடிகாலும் தாங்காது என்பது உண்மை. ஆனால் சாதாரண ஆண்டுகளில், சாதாரண அடைமழைக்கே ஒரே ஊரில் ஒரு பக்கத்து வயல் மூன்றாம் நாள் தலைகாட்டுகிறது, இன்னொரு பக்கம் பத்து நாள் கழித்தும் மூழ்கியே கிடக்கிறது. அந்த வித்தியாசம் மழையால் வந்ததல்ல, வடிகாலால் வந்தது. படம் காட்ட வேண்டியது அந்த வித்தியாசத்தைத்தான்.

இனி கருவியைப் பார்ப்போம். 1972இல் அமெரிக்காவின் முதல் லேண்ட்சாட்டும், 1988 மார்ச்சில் இந்தியாவின் ஐ.ஆர்.எஸ்-1ஏவும் ஏறிய காலத்திலிருந்து நீரைக் கண்டுபிடிக்கும் அடிப்படை ஒன்றுதான்: அகச்சிவப்பு ஒளியை நீர் விழுங்கிவிடும், பச்சை ஒளியை ஓரளவு திருப்பி அனுப்பும். இரண்டின் விகிதத்தைக் கொண்டு 1996இல் மெக்ஃபீட்டர்ஸ் வகுத்த நீர்க் குறியீடு இன்றும் உலகம் முழுவதும் பயன்படுகிறது. ஐரோப்பாவின் சென்டினல்-2 செயற்கைக்கோள்கள் ஐந்து நாளுக்கு ஒருமுறை 10 மீட்டர் நுணுக்கத்தில் இப்படிப்பட்ட படத்தை இலவசமாகவே தருகின்றன. எல்லாம் சரி, மேகம் இல்லாதபோது. வடகிழக்குப் பருவமழையின் உச்சத்தில், நமக்குப் படம் தேவைப்படும் அந்த இரண்டு மூன்று வாரங்களில், டெல்டாவின் மேல் மேகம்தான் தெரியும். வெயிலடித்துப் படம் கிடைக்கும்போது பயிர் செத்து முடிந்திருக்கும்.

ஆகவே ரேடார். அது தன் அலையைத் தானே அனுப்பி, திரும்பி வருவதைப் பதிவு செய்கிறது. மேகமும் இரவும் தடையில்லை. 2012 ஏப்ரலில் ஏவப்பட்ட ரிசாட்-1, 2014 ஏப்ரலில் வந்த சென்டினல்-1ஏ, 2022 பிப்ரவரியில் வந்த இ.ஓ.எஸ்-04 எல்லாம் சுமார் ஐந்தரை சென்டிமீட்டர் அலைநீளத்தில் பார்ப்பவை. அசையாத நீர்ப்பரப்பில் பட்ட அலை வேறு திசையில் தெறித்துப்போவதால் அந்த இடம் படத்தில் கறுப்பாக விழும். கரடுமுரடான தரையும் பயிரும் வெளிறித் தெரியும்.

ஒரு மா நிலத்தை எடுத்துக்கொள்வோம். நூறு குழி, 33 சென்ட், சுமார் 1,340 சதுர மீட்டர். 10 மீட்டர் பிக்சலாக வெட்டினால் பதின்மூன்று கட்டம். சென்டினல்-1இன் உண்மையான பிரிதிறன் 20 மீட்டரை ஒட்டியது என்பதால் நிஜத்தில் மூன்று கட்டம்தான் தேறும். ரேடார் படத்துக்கே உரிய புள்ளிப்புள்ளியான இரைச்சலைக் குறைக்கப் பக்கத்துக் கட்டங்களோடு சேர்த்துச் சராசரி எடுத்தால், வரப்பு கரைந்து பக்கத்து வயலோடு கலந்துவிடும். இந்த மூன்று கட்டத்துக்குள் சம்பாப் பருவத்தில் நடப்பதைப் பாருங்கள். சேறடித்து நடவு போட்ட அன்று வயல் கறுப்பு. அது நல்ல தண்ணீர். தூர் கட்டக் கட்ட, செங்குத்தான தண்டிலும் அடியிலுள்ள நீரிலும் அலை மாறி மாறி மோதித் திரும்புவதால் நிறம் வெளுத்துக்கொண்டே வரும். பயிர் பாதி மூழ்கினாலும் அந்த இரட்டை மோதல் நடக்கும், ஆகவே வெளுப்பாகவே தெரியும். பார்ப்பவர் செழித்த பயிர் என்று நினைக்கக்கூடும். தோகை நுனியும் மூழ்கினால் சட்டென்று கறுப்பு. காற்றடித்து அலையெழுந்தால் அந்தக் கறுப்பும் வெளிறிவிடும். பொங்கலையொட்டிப் பெய்யும் மழையில் கதிர் சாய்ந்து தண்ணீரில் கிடந்து முளைத்துப்போனால் அதற்கு இன்னொரு நிறம். 2021 ஜனவரியிலும் 2023 பிப்ரவரித் தொடக்கத்திலும் டெல்டாவில் நடந்த சேதம் இந்தக் கடைசி வகை. அன்று வயலில் நின்ற நீரின் ஆழம் பெரிதாக இருந்திருக்க வேண்டியதே இல்லை.

ஒரு படத்தில் தெரியும் கறுப்புக்கு இத்தனை பொருள் இருக்கும்போது ஒரே நாள் படத்தை வைத்துச் சேதப் பரப்பு அறிவிப்பது அநீதியில் முடியும். நடவு வயலைச் சேதம் என்றும், கழுத்தளவு மூழ்கிய வயலை நல்ல பயிர் என்றும் எழுத நேரும். மாற்று வழி இருக்கிறது. அந்த மூன்று கட்டத்தின் நிறத்தை ஆடியிலிருந்து தை வரை ஒவ்வொரு சுற்றிலும் பதிந்துகொண்டே வந்தால், எப்போது நடவு நடந்தது, எந்த வாரம் தூர் கட்டியது என்று ஒரு கோடு கிடைக்கும். ஏறிக்கொண்டிருந்த கோடு நடுவில் திடீரென்று விழுந்தால் அதுதான் மூழ்கல். எத்தனை சுற்று விழுந்தே கிடந்தது என்பதிலிருந்து நாள்கணக்கு வரும்.

இது வெறும் யோசனையில்லை. இதில் பாதி தமிழ்நாட்டிலேயே நடந்துவிட்டது. சர்வதேச நெல் ஆராய்ச்சி நிறுவனமும் சுவிட்சர்லாந்தின் சார்மேப் நிறுவனமும் பங்கேற்ற ‘ரைஸ்’ திட்டத்தில் 2012 முதல் தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம் ரேடார் படங்களைத் தொடர் வரிசையாக அடுக்கி, நெல் எங்கே எப்போது நடப்பட்டது என்பதைப் படமாக்கியது. பயிர் வளர்ச்சி மாதிரியோடு சேர்த்து மகசூலையும் மதிப்பிட்டது. 2016-17 வறட்சியின்போது அந்தத் தரவு பயிர்க் காப்பீட்டுக்கும் உதவியது. வறட்சியில் நன்றாகவே வேலை செய்த முறை இது. தண்ணீர் இல்லாமையை ரேடாரால் நிதானமாகப் பார்க்க முடியும், ஏனென்றால் அது மாதக்கணக்கில் நீடிக்கும். மூழ்கலுக்கு அந்த அவகாசம் கிடையாது.

சென்டினல்-1 ஒன்று அதே பாதையில் திரும்பிவர 12 நாள் ஆகும். மழை பெய்த மறுநாள் கடந்துபோனால் அடுத்த படம் வருவதற்குள் எல்லாம் முடிந்திருக்கும். 2021 டிசம்பரில் சென்டினல்-1பி பழுதாகி, 2024 டிசம்பரில் 1சி ஏவப்படும் வரை இந்த இடைவெளி உலகத்தையே வாட்டியது. இப்போது நிலைமை மேம்பட்டு வருகிறது. 2025 ஜூலை 30 அன்று ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து ஏறிய நிசார், நாசாவும் இஸ்ரோவும் சேர்ந்து செய்தது, 24 சென்டிமீட்டர் நீள அலையிலும் பார்க்கிறது. நீண்ட அலை பயிரின் தோகையைத் தாண்டி அடியில் நிற்கும் நீர் வரை எட்டும் என்பதால், பாதி மூழ்கிய வயலைப் பிரித்தறிய இதுவரை இல்லாத வாய்ப்பு இது. சென்டினல், இ.ஓ.எஸ்-04, நிசார் மூன்றின் நாள்களையும் கோத்தால் இடைவெளி சில நாள்களாகச் சுருங்கும்.

அந்த நாள்கணக்கு ஏன் அவ்வளவு முக்கியம் என்றால், நெல் தண்ணீரில் சாவது நாள்கணக்கில்தான். முழுதாக மூழ்கிய சாதாரண ரகம், மூச்சுக்காக மேலே எழும்ப முயன்று, சேமித்த மாவுச்சத்தையெல்லாம் செலவழித்துத் தளர்ந்துவிடும். ஒரு வாரம் தாண்டினால் தப்புவது கடினம். 2006இல் அடையாளம் காணப்பட்ட சப்-1ஏ மரபணு, ஒடிசாவின் பழைய நாட்டு ரகம் ஒன்றிலிருந்து வந்தது. அது உள்ள பயிர் வளர்ச்சியை நிறுத்தி அடங்கிக் கிடந்து, இரண்டு வாரம் வரை தாங்கி, நீர் வடிந்ததும் மறுபடி துளிர்க்கும். டெல்டாவில் பரவலாகப் போடும் சி.ஆர்.1009 ரகத்தில் இந்த மரபணுவைச் சேர்த்த சப்-1 விதை இப்போது கிடைக்கிறது. அதற்கெல்லாம் முன்பே பள்ளக்கால் வயலுக்கென்று காட்டுயானத்தையும் மடுமுழுங்கியையும் தேர்ந்து வைத்திருந்தவர்கள் நம் முன்னோர். எந்த வயல் பள்ளம், அதற்கு எந்த நெல் என்ற அறிவு ஊரில் இருந்தது, இன்றும் வயதானவர்களிடம் இருக்கிறது. செயற்கைக்கோள் படத்தைச் சரிபார்க்க அதைவிட நல்ல களச்சான்று கிடைக்காது. ஆனால் ஆய்வுகள் களச்சான்று என்று சேகரிப்பவை பெரும்பாலும் ஜி.பி.எஸ். புள்ளியும் ஒரு புகைப்படமும்தான். இந்த ஆண்டு மட்டும் மூழ்கியதா, எப்போதும் மூழ்குமா, மூழ்கினால் தண்ணீர் எந்தப் பக்கம் வடியும் என்று ஊர்க்காரரிடம் கேட்டு எழுதும் பத்தி அந்தப் படிவத்தில் இருக்க வேண்டும்.

இப்போது பணம் பற்றி. பேரிடர் நிவாரணத்துக்கு 33 சதவீதச் சேதம் என்பது வரம்பு. வருவாய்த் துறையும் வேளாண் துறையும் கூட்டாக வயல்வயலாகப் போய்க் கணக்கெடுக்கின்றன. மழை ஓயாத நாளில், முழங்கால் சேற்றில், ஒரு கிராம நிர்வாக அலுவலர் தன் ஊரின் புல எண்கள் அத்தனையையும் பார்த்து முடிப்பதற்குள் தண்ணீர் வடிந்து, பயிர் பாதி தேறி, பாதி அழுகி நிற்கும். எத்தனை நாள் மூழ்கியிருந்தது என்பதற்கு அவரிடம் ஆவணம் இல்லை, விவசாயியிடமும் இல்லை. காப்பீட்டில் இது இன்னும் கூர்மையாக வெளிப்பட்டது. பிரதமர் பயிர்க் காப்பீட்டுத் திட்டத்தில் தனி வயலில் ஏற்படும் உள்ளூர்ச் சேதப் பட்டியலிலிருந்து நெல் மூழ்கல் 2018இல் நீக்கப்பட்டது. மூழ்கிய பயிரை மதிப்பிடுவது கடினம் என்பது சொல்லப்பட்ட காரணங்களில் ஒன்று. நெல்தான் பயிர், மூழ்கல்தான் ஆபத்து என்றிருக்கும் மாவட்டங்களுக்கு அந்த நீக்கம் எவ்வளவு பெரிய இழப்பு என்று சொல்லத் தேவையில்லை. 2025 நவம்பரில் மத்திய வேளாண் அமைச்சகம் அதை 2026 காரிஃப் பருவம் முதல் மீண்டும் சேர்ப்பதாக அறிவித்தது. வரவேற்கத்தக்க முடிவு. ஆனால் மதிப்பிடுவது கடினம் என்ற பழைய காரணம் அப்படியே நிற்கிறது. அதற்கு விடை நாள்கணக்குப் படம்தான். அது இல்லாமல் போனால் மூழ்கிய வயலுக்குப் பொறுப்பு மறுபடி விவசாயியின் செல்போன் படத்தின் மேல் விழும்.

படம் தீர்க்காத ஒன்றும் இதில் இருக்கிறது. படம் புல எண்ணோடு பொருந்தும், பட்டாவோடு பொருந்தும். கோயில் நிலத்திலும் தனியார் நிலத்திலும் வாய்மொழிக் குத்தகைக்குப் பயிர் செய்பவரின் பெயர் அங்கே இருக்காது. மூழ்கிய பயிர் அவருடையது. அடங்கலில் சாகுபடி செய்பவர் பெயரை ஏற்றுவதை விட்டுவிட்டுச் செயற்கைக்கோளை மட்டும் நம்பினால், துல்லியமாக அளந்து தவறான கையில் பணத்தைக் கொடுத்ததாக முடியும்.

நிவாரணம், காப்பீடு இரண்டையும் விட இந்தப் படங்களால் அதிக நன்மை வரக்கூடிய இடம் வடிகால் என்று நினைக்கிறேன். அதுவே குறைவாகப் பேசப்படுவதும். அசாமுக்கும் பீகாருக்கும் தேசியத் தொலையுணர்வு மையம் பல ஆண்டு வெள்ளப் படங்களை ஒன்றன்மேல் ஒன்று அடுக்கி, எந்த இடம் எத்தனை முறை மூழ்கியது என்று வெள்ள அபாய அட்லஸ் வெளியிட்டிருக்கிறது. குடவாசல், நன்னிலம், வலங்கைமான், நீடாமங்கலம் வட்டங்களுக்கு அதுபோல ஒன்று வேண்டும், ஒரு மாற்றத்தோடு. மூழ்கிய முறையை எண்ணாமல், மழை விட்டபின் வடிய எடுத்த நாளை எண்ண வேண்டும். 2014க்குப் பிந்தைய சென்டினல் படங்கள் சேமிப்பில் இலவசமாகக் கிடக்கின்றன. 2015, 2018, 2020, 2021, 2024 என்று ஒவ்வோர் ஆண்டின் மழைக்கும் படம் உண்டு. ஆண்டுதோறும் கடைசியில் வடியும் வயல்களை இணைத்துப் பார்த்தால் அவை சிதறிக் கிடக்காது. ஏதோ ஒரு வடிகாலின் இரு கரையிலும், ஒரு குறுகிய குழாய்ப் பாலத்தின் மேல்புறத்திலும், ஒரு புறவழிச்சாலையின் ஓரத்திலும் சேர்ந்து நிற்கும்.

இதற்கு நில உயரப் படமும் வேண்டும் என்று பொறியாளர்கள் சொல்வார்கள், சரிதான். ஆனால் இலவசமாகக் கிடைக்கும் உயரப் படங்களின் பிழை மீட்டர் கணக்கில். டெல்டாவில் ஒரு வயலைப் பள்ளமாக்குவது ஒரு சாண் உயர வித்தியாசம். வடிய எடுத்த நாளின் வரிசையே அந்த உயர வித்தியாசத்தை மறைமுகமாகச் சொல்லிவிடும் என்பதால், விலையுயர்ந்த லேசர் அளவைக்குக் காத்திருக்கத் தேவையில்லை. மேகம் விலகிய மாசி, பங்குனியில் சென்டினல்-2 படத்தை எடுத்துப் பார்த்தால் இன்னொன்றும் தெரியும். வடிகாலில் தண்ணீர் இருக்க வேண்டிய கோடு பளீரென்று பச்சையாக இருக்கும். அது வெங்காயத் தாமரை. எந்த வடிகாலில் எத்தனை கிலோமீட்டர் அடைத்திருக்கிறது என்பதை அலுவலகத்திலிருந்தே அளந்துவிடலாம்.

வெண்ணாற்று உபவடிநிலத்தில் அரிச்சந்திரா, அடப்பாறு, பாண்டவையாறு, வெள்ளையாறு, வளவனாறு, வேதாரண்யம் கால்வாய் ஆகியவற்றை ஆசிய வளர்ச்சி வங்கிக் கடனில் சீரமைத்தார்கள். பெரிய ஆறுகளுக்கு அது உதவும். அந்த ஆறுகளுக்கும் வயலுக்கும் இடையே தண்ணீரைக் கொண்டுபோகும் ‘சி’, ‘டி’ பிரிவு வாய்க்கால்களும் ஊர் வடிகால்களும் ஆண்டுதோறும் நடக்கும் தூர்வாரும் பணியை நம்பியிருக்கின்றன. ஜூன் 12இல் மேட்டூர் திறப்பதற்கு முன் முடிக்க வேண்டும் என்று சித்திரை, வைகாசியில் அவசரமாக நடக்கும் வேலை அது. பாசனத்துக்குத் தண்ணீர் வர வேண்டும் என்ற கவலையில் வாய்க்கால்கள் முதலில் எடுக்கப்படும், வடிகால்கள் பட்டியலில் பின்தங்கும். எந்தக் கிளையை எடுப்பது என்ற மதிப்பீடு அதற்குச் சில மாதங்கள் முன்பே நீர்வளத் துறை உதவிப் பொறியாளர் மேசையில் தயாராகிறது. கார்த்திகை, மார்கழியில் கடைசியாக வடிந்த வயல்களின் வரைபடம், புல எண்ணோடும் வடிகால் பெயரோடும், தை முடிவதற்குள் அந்த மேசைக்கு வந்துவிட வேண்டும். அதே வரைபடத்தின் ஒரு நகல் ஊராட்சி அலுவலகச் சுவரில் ஒட்டப்பட்டால், எடுக்காமல் விட்ட வடிகால் எது என்று கிராமசபையில் பெயர் சொல்லிக் கேட்கலாம்.